பன்னிரண்டும் இரண்டும்

அத்தியாயம் 6

மணி இரண்டே முக்கால். ஐந்து மணிக்குள் சோணைமுத்து திருடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு முன் சோணைமுத்துவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டில் எது கஷ்டம் என்று தங்கமாரி யோசித்துக்கொண்டிருந்தபோது ஆம்னி வேன் ஒரு விக்கல் விக்கி நின்றது.

"எறங்குற ஆளு இருந்தா எறங்கிக்கோங்க" என்றார் இம்மானுவேல்.

பதினோரு வருஷம் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அருப்புக்கோட்டையில் தங்கமாரி நடத்தும் துப்பறியும் நிலையத்தில் சேர்ந்து நான்கு வருஷமாகியும் வண்டி நின்றால் வாய் தானாக அதைச் சொல்லிவிடும். சாவியை மூன்று முறை திருகினார். மூன்றாவது திருகலில் வேன் மனசு மாறிக் கிளம்பியது.

பரளச்சி ரோட்டில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் ஓடியது. நடுநடுவே உழுது போட்ட கரிசல். ஜன்னலைத் திறந்தால் அடுப்புக் காற்று, மூடினால் அடுப்புக்குள்ளேயே உட்கார்ந்த மாதிரி. தங்கமாரி கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். பின்சீட்டில் சத்யபிரியா சோணைமுத்துவின் எண்ணை ஒன்பதாவது முறையாக அழுத்தினாள். ஒன்பதாவது முறையும் அது அணைத்தே கிடந்தது.

தங்கமாரியிடம் வழக்கமாக வருவது கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன சம்பளம் நிஜமா. இன்று காலை வந்த சத்யபிரியா மண்கட்டிகளைப் பற்றி விசாரிக்கச் சொன்னாள். மதுரையில் ஓர் ஆய்வு நிலையத்தில் ஆராய்ச்சி மாணவி. கேள்வி கேட்டால் தரையைப் பார்த்துப் பதில் சொல்லுகிற பெண். ஆனால் மண்ணைப் பற்றிப் பேசினால் மட்டும் தலை நிமிர்ந்துவிடுகிறது.

அவள் சொன்னதைத் தங்கமாரி மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். காந்த ஊசி காட்டும் வடக்கு ஒரே இடத்தில் நிற்பதில்லை. நூறு வருஷத்துக்கு நூறு வருஷம் இடமும் வலமும் நகர்கிறது. ஊசி சில காலத்தில் கொஞ்சம் குனிகிறது, சில காலத்தில் நிமிர்கிறது. களிமண் தீயில் வெந்து ஆறும்போது அந்த நேரத்து வடக்கைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு விடாது. பழைய உலைகளின் மண்ணைச் சோதித்தால், கடந்த இரண்டாயிரம் மூவாயிரம் வருஷத்தில் இந்தப் பக்கத்தில் வடக்கு எப்படி அலைந்தது என்று ஒரு கோடு வரையலாம். சத்யபிரியாவின் ஆராய்ச்சியே அந்தக் கோடுதான். ஓர் உலை கிடைத்தால் கோட்டில் ஒரு புள்ளி.

பரளச்சிக்குப் பக்கத்தில் பண்ணைக்குட்டை வெட்டும்போது அப்படி ஓர் உலை அகப்பட்டது. எந்தக் காலத்திலோ இரும்பு உருக்கியது. தளம் அப்படியே இருந்தது. சுவர் ஒன்று மட்டும் முழங்கால் உயரத்துக்கு மிஞ்சி நின்றது. தளத்திலிருந்து ஆறு கட்டிகளை, ஒரு பக்கம் பிளாஸ்டர் பூசி அதில் வடக்குக்கு அம்பு போட்டு, சத்யபிரியா வெட்டி எடுத்தாள். பிறகு டைபாய்டு வந்து படுத்துவிட்டாள். சுவரிலிருந்து எடுக்க வேண்டிய ஆறையும் அவளுக்குத் துணையாக இருந்த சோணைமுத்து தனியாக வெட்டி அனுப்பினார். மறுவாரம் கோடை மழை கொட்டி, மிச்சமிருந்த சுவரும் கரைந்து போனது.

"அந்த ஆறும் இந்த ஆறும் ஒத்துப் போகல. அதானே பிரச்சினை?" என்றாள் தங்கமாரி.

சத்யபிரியா தலையாட்டினாள். "ஒரே உலை. ஒரே நாள்ல ஆறினது. பன்னெண்டு கட்டியும் ஒரே பதிலைத்தான் சொல்லணும். தளத்துக் கட்டி ஆறும் வடக்குல இருந்து ரெண்டு டிகிரி கிழக்க, பன்னெண்டு டிகிரி குனிவுன்னு சொல்லுது. சுவத்துக் கட்டி ஆறும் பன்னெண்டு டிகிரி மேற்கே, ரெண்டு டிகிரி குனிவுன்னு சொல்லுது."

"ரூட் பஸ்ஸு நம்பரைத் திருப்பி மாட்டுன மாதிரி இருக்கே" என்றார் இம்மானுவேல். "இருபத்தொண்ணுல ஏறுனா திருச்சுழி, பன்னெண்டுல ஏறுனா மல்லாங்கிணறு. போர்டைத் தலைகீழா மாட்டிட்டா சனம் எங்கிட்டுப் போகும்?"

அது தற்செயல் என்று சத்யபிரியா சொன்னாள். தங்கமாரி கையிலிருந்த துண்டுச் சீட்டில் 2, 12 என்று எழுதி, அதன் கீழே 12, 2 என்று எழுதினாள். சீட்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

கைபேசி அடித்தது. ஆய்வு நிலையத்தின் தலைவி டாக்டர் சௌந்தரம். திருச்சுழி காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பதாகவும், இன்ஸ்பெக்டர் ஐந்து மணிக்கு வருவார் என்றும், வந்ததும் புகாரைக் கொடுத்துவிட்டுத்தான் மதுரைக்குக் கிளம்புவேன் என்றும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அசல் கட்டிகளைச் சோணைமுத்து உடைத்துவிட்டார் அல்லது விற்றுவிட்டார், பதிலுக்கு வேறொரு சூளைச் சுவரை வெட்டி அனுப்பியிருக்கிறார் என்பது அவர் கணக்கு. சோணைமுத்துவின் தாய்மாமன் வெள்ளத்துரைக்குப் பரளச்சியில் செங்கல் சூளை இருப்பதையும் விசாரித்து வைத்திருந்தார்.

தப்பாக வெட்டியிருக்கலாமே, திருடியதாக ஏன் நினைக்க வேண்டும் என்று தங்கமாரி கேட்டாள்.

"தப்பா செஞ்சிருந்தா ஆறும் ஆறு திசையில நிக்கும்மா. இது ஆறும் ஒண்ணு சொன்ன மாதிரி நிக்குது. வேலையும் சுத்தம். வடக்குக்கு அம்பு போட்டிருக்கான், நம்பர் போட்டிருக்கான், ஒவ்வொண்ணுலயும் 'மேல்'னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கான். நோட்டுலயும் அப்படியே இருக்கு. தெரியாம செஞ்சவன் வேலை இல்ல இது."

அழைப்பு முடிந்தது. சத்யபிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோணைமுத்துவுக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். சர்வே துறையில் உதவியாளர் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. திங்கள்கிழமை சேர வேண்டும். வழக்கு என்று ஒன்று விழுந்தால் அந்த ஆர்டர் வெறும் காகிதம்.

"எனக்காகத்தான் அவர் அந்த ஆறையும் வெட்டினாரு" என்றாள் சத்யபிரியா.

*

வெள்ளத்துரையின் சூளை ஊருக்கு வெளியே இருந்தது. நான்கு பக்கமும் நிரந்தரமாகக் கட்டிய பழைய மண்சுவர், வடக்கே வாசல். அதற்குள்தான் ஒவ்வொரு தடவையும் பச்சைக் கல்லை அடுக்கித் தீ மூட்டுவார்கள். இப்போது தீ இல்லை. கூலியாட்கள் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தங்கமாரி யாரையும் கேட்காமல் சூளையைச் சுற்றி வந்தாள். வெயில் விழுந்த பக்கத்துச் சுவரின் வெளிப்புறத்தில் நின்றாள்.

இடுப்பு உயரத்தில் மூன்று சதுர ஓட்டைகள். கத்தி வைத்து அளந்து வெட்டியவை. ஓரங்களில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒழுகிக் காய்ந்திருந்தது. எதிர்ச் சுவருக்குப் போனாள். அங்கே இரண்டு. தெற்குச் சுவரில் ஒன்று.

மொத்தம் ஆறு.

சத்யபிரியாவும் எண்ணிவிட்டாள். ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டு ஒழுகிய பிளாஸ்டரைச் சுரண்டினாள். தான் கற்றுக்கொடுத்த கலவைதான் என்று சொல்லிவிட்டு அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"கேஸு முடிஞ்சிருச்சு போலயே" என்றார் இம்மானுவேல், தாழ்ந்த குரலில். "நம்ம கட்சிக்காரனுக்கு எதிரா நாமளே சாட்சி கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கோம். பில்லை யாருக்கு அனுப்புறது?"

தங்கமாரிக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மூன்று ஓட்டைச் சுவருக்கும் இரண்டு ஓட்டைச் சுவருக்கும் நடுவே நடந்தாள். ஏதோ இடித்தது. ஒரே சுவரில் ஆறையும் வெட்டுவதுதான் சுலபம். திருடுகிறவன் எதற்காகச் சூளையை வலம் வந்து வெட்ட வேண்டும்?

வெள்ளத்துரை துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். பருமனான ஆள். யார் என்ன என்று கேட்டுக்கொண்டார். ஓட்டைகளைப் பற்றி அவளுக்கு முன் அவரே ஆரம்பித்தார். அக்கா மகன் என்று விட்டதற்குச் சூளையை எலி கடித்த மாதிரி ஆக்கிவிட்டான் என்றார். பிப்ரவரியில் நாலு நாள் வந்து வெட்டினானாம். பழைய உலையில் கை வைக்கப் பயமாக இருக்கிறது, சொதப்பினால் மறுபடி கிடைக்காது, முதலில் இங்கே பழகிக்கொள்கிறேன் என்றானாம்.

"வெட்டுன கட்டி எங்கண்ணே?"

"அது யாருக்குத் தெரியும் தாயி. கொண்டு போயிருப்பான்."

சத்யபிரியா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மணி மூன்று ஐம்பது.

இம்மானுவேல் தாகம் என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனார். கூலியாட்களுக்குக் குடிதண்ணீர் வைத்திருந்த நீல நிற டிரம் ஒன்று அங்கே இருந்தது. சொம்பில் மோந்து அண்ணாந்து குடித்தார். பிறகு குனிந்து டிரம்மின் அடியைப் பார்த்தார்.

"மேடம், மாமா வசதியான ஆளுதான். தண்ணி டிரம்முக்கே வெள்ளைச் செருப்பு வாங்கிப் போட்டிருக்காரு."

தங்கமாரி ஓடினாள். டிரம் தரையில் இல்லை. மண்கட்டிகள் மேல் நின்றது. ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு பக்கம் வெள்ளைப் பிளாஸ்டர். விளிம்பில் நான்கு தெரிந்தன. உள்ளே இன்னும் இருந்தன.

சத்யபிரியா எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. தரையில் படுத்து உள்ளே பார்த்து எண்ணினாள். ஆறு.

ஓட்டை ஆறு. கட்டி ஆறு. இங்கே வெட்டிய எதுவும் இந்த இடத்தை விட்டுப் போகவில்லை. மதுரைக்குப் போனது உலைச் சுவர்தான்.

"அப்ப அவர் மாத்தல" என்றாள் சத்யபிரியா. சிரிக்க ஆரம்பித்து உடனே நிறுத்திக்கொண்டாள். "ஆனா நம்பர் இன்னும் தப்பாத்தான இருக்கு. இதைக் காட்டினா, வேற சூளையில வெட்டியிருப்பான்னு சொல்லுவாங்க மேடம்."

அது சரிதான். தங்கமாரி மண்டியிட்டாள். விளிம்பிலிருந்த கட்டிகளின் பிளாஸ்டரில் கரிப் பென்சில் எழுத்து தெரிந்தது. ஓர் அம்பு, ஒரு நம்பர், ஒரு சொல். முதலாவதில் மேல். இரண்டாவதில் மேல். மூன்றாவதில் கீழ்.

"அம்பு எந்தப் பக்கம் இருக்கோ அதுதான் கட்டியோட மேல்பக்கம்" என்றாள் சத்யபிரியா. "நான் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். பிளாஸ்டரை ரசமட்டம் வச்சுச் சமமாக்கி, வடக்குக்கு அம்பு போட்டா போதும். மேல்னு எழுதவே தேவையில்ல. கீழ்னு எதுக்கு எழுதியிருக்காரு?"

நான்காவதிலும் மேல். உள்ளே இருந்த இரண்டைப் படிக்க முடியவில்லை. டிரம்மை நகர்த்த வேண்டும். வெள்ளத்துரை கையை நீட்டி மறித்தார். தண்ணி லாரி இனி நாளை மறுநாள்தான் வரும், ஒரு சொட்டைக் கீழே ஊற்ற விடமாட்டேன் என்றார். ஊற்றவும் விடாமல், சாய்க்கவும் விடாமல், கடைசியில் கூலியாட்களின் குடங்களை வாங்கி ஒவ்வொரு சொம்பாக மோந்து மாற்ற வேண்டியதாயிற்று. தங்கமாரி மோந்தாள். சத்யபிரியா குடம் மாற்றினாள். இம்மானுவேல் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்தை அறிவித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நிமிஷம் போயிற்று.

காலி டிரம்மை உருட்டிவிட்டு ஐந்தாவது கட்டியைத் தங்கமாரி திருப்பினாள். கீழ்.

ஆறாவதைத் திருப்பினாள்.

தென்.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். ஒரு மண்கட்டிக்கு மேல்பக்கம் இருக்கலாம். கீழ்ப்பக்கம் இருக்கலாம். தென்பக்கம் எங்கிருந்து வந்தது?

தங்கமாரி எழுந்து சூளையைப் பார்த்தாள். மேல் என்று மூன்று கட்டி. கீழ் என்று இரண்டு. தென் என்று ஒன்று. வெயில் விழுந்த சுவரில் மூன்று ஓட்டை. எதிர்ச் சுவரில் இரண்டு. தெற்குச் சுவரில் ஒன்று. சூரியன் இறங்கத் தொடங்கியிருந்தது. வெயில் விழுந்த சுவரின் வெளிப்புறம் மேற்கைப் பார்த்திருந்தது.

வெள்ளத்துரையிடம் அந்தச் சுவரைக் காட்டி, இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டாள்.

"என்னன்னு சொல்றது. மேலச் சுவரு."

"அதுக்கு எதிர்த்தது?"

"கீழச் சுவரு. ஏன் தாயி, உங்க ஊர்ல அதுக்கு வேற பேரா?"

இம்மானுவேல் சொம்பைக் கீழே வைத்தார். "நான் பொறந்தது கீழத்தெரு, கட்டுனது மேலத்தெரு" என்றார் மெதுவாக. "எனக்கே தோணலயே மேடம்."

தங்கமாரிக்கும்தான் தோன்றவில்லை. அதே சொல்லை இன்று மத்தியானம் போனில் கேட்டிருந்தாள். சௌந்தரம் அதை உச்சி என்ற அர்த்தத்தில் சொன்னார், அவளும் உச்சி என்ற அர்த்தத்திலேயே கேட்டுக்கொண்டாள். சோணைமுத்து தளத்தை வெட்டவில்லை. சுவரை வெட்டினார். சுவரில் பிளாஸ்டர் உச்சியில் விழாது, பக்கவாட்டில் விழும். எந்தப் பக்கம் பூசினோம் என்று தெரிவிக்க வேண்டுமே என்று அவராக யோசித்து, தேவைக்கு மேல் ஒரு சொல் எழுதியிருக்கிறார். மேல். மேற்குப் பக்கம். சோதனைச்சாலையில் அந்தப் பக்கத்தை வானத்தைப் பார்க்க வைத்துவிட்டார்கள்.

சத்யபிரியா மேல் என்று எழுதிய கட்டி ஒன்றை மடியில் வைத்து, ஒரு குச்சியைச் சேர்த்துப் பிடித்து, புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை புரட்டினாள். மூன்றாவது முறையும் குச்சி அதே பக்கம் சாய்ந்தது. தங்கமாரியின் துண்டுச் சீட்டைக் கேட்டு வாங்கி, 2, 12 என்பதிலிருந்து 12, 2 என்பதற்கு ஒரு கோடு போட்டாள்.

"தற்செயல் இல்ல" என்றாள்.

சோணைமுத்து இதற்கு முன் என்ன வேலை பார்த்தார் என்று தங்கமாரி வெள்ளத்துரையிடம் கேட்டாள். திருச்சுழியில் ஒரு பத்திரம் எழுதுகிற கடையில் ஒன்பது வருஷம் இருந்ததாகச் சொன்னார். அதே வாயோடு இன்னொன்றும் சொன்னார். இன்றும் அங்கேதான் போயிருக்கிறானாம். படித்தவர்கள் சொன்னால் தப்பு தன் மேல்தான் இருக்கும், எழுதிக் கொடுத்துவிட்டால் கேஸ் போடாமல் விடுவார்கள் என்று காலையில் வெள்ளைப் பேப்பர் வாங்கிக்கொண்டு கிளம்பினானாம்.

தங்கமாரி இரண்டு கட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினாள்.

*

சௌந்தரம் போனை எடுக்கவில்லை. ஒரு முறை மணி அடித்தது, ஒரு முறை தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திருச்சுழி ரோட்டில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே போனது. இம்மானுவேல் ஹாரனை அழுத்தினார். அது வேலை செய்யவில்லை. தலையை வெளியே நீட்டி, எக்ஸ்பிரஸ் வருது ஒதுங்கு என்று ஆடுகளிடம் கத்தினார். ஆடுகள் மினி பஸ் கண்டக்டரை மதிக்கவில்லை.

தப்பை ஒப்புக்கொண்ட கடிதம் கையில் கிடைத்துவிட்டால் சௌந்தரத்துக்கு வேறு ஆதாரமே தேவையில்லை. தங்கமாரி அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தாள். மடியில் இருந்த கட்டி வேன் குலுங்கும்போதெல்லாம் நெஞ்சில் இடித்தது.

காவல் நிலைய வாசலில் வேன் நின்றபோது ஐந்தாக எட்டு நிமிஷம். இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லை. வராந்தா பெஞ்சின் ஒரு கோடியில் டாக்டர் சௌந்தரம், வெள்ளைப் புடவை, மடியில் கோப்பு. மறு கோடியில் ஒல்லியான ஒரு மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. பேனாக்களைப் பார்த்ததுமே அவர்தான் சோணைமுத்து என்று தங்கமாரிக்குத் தெரிந்துவிட்டது. அவர் கை வெறுமையாக இருந்தது. கடிதம் சௌந்தரத்தின் கையில் இருந்தது.

"ஏண்ணே போனை அணைச்சீங்க?" என்றாள் சத்யபிரியா.

"உங்க குரலைக் கேட்டா எழுத வராதும்மா" என்றார் அவர்.

சௌந்தரம் நிமிர்ந்து பார்த்தார். எல்லாம் முடிந்துவிட்டது, அவரே ஒப்புக்கொண்டு எழுதிவிட்டார் என்று சொன்னார். தங்கமாரி சுற்றி வளைத்து விளக்கத் தொடங்கவில்லை. எட்டு நிமிஷத்தில் விளக்கினால் வக்கீல் பேச்சாகத்தான் இருக்கும். ஆனால் பத்திரக் கடையில் இருந்தவர், இடத்துக்கு எல்லை சொல்லாமல் ஒரு கடிதத்தை முடித்திருக்க மாட்டார். அவள் பெஞ்சின் மேல் கட்டிகளை வைத்தாள்.

"படிச்சிட்டீங்களா மேடம்?"

முதல் பத்தியைப் படித்ததாகவும், அதுவே போதும் என்றும் சௌந்தரம் சொன்னார்.

"மிச்சத்தையும் சத்தமாப் படிங்க. அதுக்கப்புறம் நீங்க புகார் குடுத்தா நானே சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்."

சௌந்தரத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். அழகான கையெழுத்து. ஒன்பது வருஷம் பத்திரம் எழுதிப் பழகிய நடை.

"பரளச்சி கிராமம், சீனிச்சாமி அவர்களின் பட்டா நிலத்தில் நான் கட்டிகள் வெட்டியெடுத்த பழைய உலைக்கு நான்கெல்லையாவது. மேல் ஓடை. கீழ்..." நிறுத்தினார். "ஓடை எப்படி உலைக்கு மேல?"

"அதான் மேடம், உலையையே ஓடைக்கு அடியில முங்கித்தான் தோண்டியிருக்காக" என்றார் இம்மானுவேல்.

சௌந்தரம் அவரைப் பார்க்கவில்லை. காகிதத்தையே பார்த்தார். இந்த முறை சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. மேல் ஓடை. கீழ் வண்டிப்பாதை. தென் சீனிச்சாமி புஞ்சை. வட பண்ணைக்குட்டை. மேல், கீழ், தென், வட. அவர் கண் பெஞ்சுக்குப் போனது. இரண்டு கட்டிகள். ஒன்றில் மேல். மற்றதில் தென்.

"சோணைமுத்து" என்றார். "அந்தச் சுவத்துல நீங்க எந்தப் பக்கத்துல பிளாஸ்டர் போட்டீங்க?"

"மேலப் பக்கம்ங்க. எழுதியிருந்தேனே."

"அதாவது?"

அவர் குழம்பினார். கேள்வியே புரியாதவர் போல, சூரியன் இறங்கிக்கொண்டிருந்த பக்கம் கையைக் காட்டினார். "மேல."

சத்யபிரியா மேல் என்று எழுதிய கட்டியைத் தூக்கினாள். தரையைப் பார்க்காமல் பேசினாள். நிலைய வாசல் வடக்கு. கட்டி சுவரில் இருந்தபடி, எழுத்து மேற்கைப் பார்க்க நிற்கிறது. தங்கமாரியின் பேனாவை அதன் மேல் வைத்துப் பிடித்தாள். முனை வாசலைப் பார்த்தது, நன்றாகக் குனிந்து, ஒரு மயிரிழை வலப்பக்கம் சாய்ந்து. வலது என்றால் கிழக்கு. குனிவு பன்னிரண்டு, கிழக்கே இரண்டு. தளத்துக் கட்டிகள் சொன்னது இதைத்தான். இப்போது சோதனைச்சாலையில் செய்தபடி எழுத்தை வானத்துக்குத் திருப்பினாள். பேனாவும் சேர்ந்து புரண்டது. குனிந்திருந்த முனை இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. வலப்பக்கம் சாய்ந்திருந்த மயிரிழை குனிவாகிவிட்டது.

மேற்கே பன்னிரண்டு. குனிவு இரண்டு.

"ஆறும் சரிதான் மேடம்" என்றாள். "பன்னெண்டும் ஒண்ணுதான் சொல்லுது."

உள்ளே வயர்லெஸ் ஒன்று கரகரத்தது. வாசலில் ஜீப் திரும்பும் சத்தம். இன்ஸ்பெக்டர். சோணைமுத்து எழுந்து நின்றார். சட்டையின் கீழ்ப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

சௌந்தரம் மடியிலிருந்த கோப்பைத் திறந்து புகாரை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார். அதை நான்காகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சோணைமுத்துவைப் பார்த்துத் தப்பு தன்னுடையது என்று சொன்னார். சுருக்கமாகச் சொன்னார், ஆனால் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

பிறகு கோப்பை மூடி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க அப்பா வீடு மல்லாங்கிணத்துல மேலத்தெரு" என்றார். "நான் பொறந்து வளந்தது எல்லாம் சென்னை. லீவுக்குக்கூட வந்ததில்ல. அந்தத் தெரு மேட்டுல இருக்கும்னுதான் ஐம்பது வருஷமா நினைச்சிட்டிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. இம்மானுவேல்கூட.

அந்தக் கடிதம் தனக்கு வேண்டும் என்றார் சௌந்தரம். உலையின் நான்கெல்லையை இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் எழுதித் தரவில்லை, ஆய்வுக் குறிப்போடு சேர்க்க வேண்டும் என்றார்.

சோணைமுத்து கையை நீட்டினார். "ஒரு நிமிசம் குடுங்கம்மா. அப்படியே தரக் கூடாது."

பெஞ்சில் காகிதத்தை வைத்துக் குனிந்தார். பையிலிருந்த மூன்று பேனாவில் கறுப்பை எடுத்தார். தவறு முழுவதும் என்னுடையது என்று இருந்த முதல் பத்தியின் மேல், மட்டப் பலகை வைத்தது போல ஒரே கோடாக, வரி வரியாக அடித்தார். பக்கத்தின் அடியில், பத்திரத்தில் திருத்தங்களுக்குக் கணக்கு எழுதுகிற அதே பழக்கத்தில், தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டார்:

அடித்தல் ஒன்று.